நாற்பத்தேழு குடும்பங்கள் பெண்டிங்

1. பத்து நாற்பதுக்கு வந்த அழைப்பு

காலை பத்து நாற்பதுக்கு மினா அழைத்தாள். பதினொரு மணிக்கு விண்டோ திறக்க வேண்டும். எங்கள் தொழிலில் விண்டோ என்றால், சண்டை போடும் இரண்டு தரப்பும் சுடமாட்டோம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட நேரம். அன்று கிடைத்தது நான்கு மணி நேரம். பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் எங்கள் ஏழு பேருந்துகளும் அந்த நகரத்தை விட்டு, இரண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்டி, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். இங்கே எழுதும் மணிக்கணக்கெல்லாம் நம் ஊர் நேரம்.

"காக், நாமா சாயா தாக் அடா," என்றாள் மினா மலாயில்.

அக்கா, என் பெயர் இல்லை. அவ்வளவுதான் சொன்னாள். கத்தவும் இல்லை, அழவும் இல்லை. பின்னால் பேருந்து இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் மூன்று பிள்ளைகளோடு நின்றுகொண்டு பேசினாள்.

நான் இருந்தது மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில், ஹாஜா பாயின் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில். அதுதான் எங்கள் நிவாரண அமைப்பின் ஆபரேஷன் ரூம். நான்கு கணினி, ஒரு பெரிய வரைபடம், கீழேயிருந்து ஏறி வரும் மீன் தலைக்கறி வாசனை. ஜொகூரில் உட்கார்ந்துகொண்டு வேறொரு நாட்டின் சண்டைக்குள் பேருந்து விட்டோம் என்றால் இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அங்கே உள்ளே இருப்பவர்களின் தொலைபேசி வெட்டி வெட்டி வேலை செய்யும். பட்டியல், அனுமதி, கடிதம் எல்லாவற்றையும் வெளியே ஒருவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். அந்த ஒருவர் நான். இந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றது போன வருடம்.

நாட்டின் பெயரை எழுத மாட்டேன். எங்கள் ஆட்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள். மினா என்பதும் அவளுடைய உண்மைப் பெயர் இல்லை.

அவளுக்கு மலாய் வந்தது எப்படி என்றால், ஆறு வருடம் இங்கேதான் இருந்தாள். ஸ்கூடாய்க்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் வைத்தாள். நம் வீட்டு டிவியில் ஏதாவது ஒன்றை அவள் கை தொட்டிருக்கும். பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். சண்டை அவளுடைய தெருவுக்கு வந்ததும், தப்பி வந்தவர்கள் தங்கியிருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தாள். அங்கே எங்கள் ஃபீல்ட் கோஆர்டினேட்டர் அமுதன் அவளைப் பார்த்தார். மலாய் பேசுகிறாளே என்று அவளையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டார். வகுப்பு வகுப்பாகப் போய்ப் பதிவு எழுதியது அவள்தான். பேருந்தில் ஏற வேண்டிய இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயர்களும் அவள் கையால் எழுதியவை.

அதில்தான் அவள் பெயர் இல்லை.

2. சிகாமட்டில் நான் போட்ட படிவம்

இந்தக் குற்றத்துக்கு முதல் ஆள் நான். அதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்டினால் எனக்கே அசிங்கம்.

நான் பிறந்தது பாலோ பக்கத்தில் ஒரு தோட்டத்தில். துறைமுகத்தில் ஷிப்பிங் கிளார்க்காக இருபது வருடம் வேலை பார்த்தேன். பேப்பர் வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கே ஒரு திமிர் உண்டு. சிகாமட்டில் ஆறு பெருகிய வருடங்களில் மாதா கோவில் ஆட்களோடு போய் வெள்ள நிவாரண மையங்களில் வேலை செய்தேன். அமுதனைத் தெரிந்ததும் அங்கேதான். சிகாமட்காரர். லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர், சொந்த வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது அடுத்தவன் வீட்டுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அந்த மையங்களில் ஒரு தலைவலி இருந்தது. புருஷன் ஒரு பள்ளியில் பதிவு செய்வான், பெண்டாட்டி இன்னொரு பள்ளியில் பதிவு செய்வாள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு பங்கு அரிசி, இரண்டு பங்கு மெத்தை போகும். கடைசியில் வந்தவர்களுக்கு ஒன்றும் இருக்காது. நான் ஒரு படிவம் போட்டேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. குடும்பத் தலைவர் பெயர், கையெழுத்து, கூட இருப்பவர்களின் பெயர், வயது. தலைவர் அதே மையத்தில் இல்லையென்றால் அந்தக் குடும்பம் பெண்டிங் தாளுக்குப் போகும். சாயங்காலத்துக்குள் ஆள் வந்துவிடுவார், கையெழுத்துப் போடுவார், தாள் மாறும். வெள்ளத்தில் அது பிரமாதமாக வேலை செய்தது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் பூரித்துப் போனேன்.

அதே படிவத்தைத்தான் போருக்கும் அனுப்பினேன். ஒரு எழுத்து மாற்றவில்லை.

வெள்ளத்தில் அப்பன் மாட்டைப் பார்க்கப் போயிருப்பான், சாயங்காலம் வருவான். போரில் அப்பன் வரமாட்டான். சோதனைச் சாவடியில் பிடித்து வைத்திருப்பார்கள். அல்லது காட்டுக்கு ஓடியிருப்பான். அல்லது செத்திருப்பான். மினாவின் புருஷன் பதினொரு நாளுக்கு முன்னால் அரிசி வாங்கிவரப் போனவன், திரும்பவில்லை. அந்தப் பள்ளியில் யார் வீட்டில் ஆண் இல்லையோ, யாரை முதலில் ஏற்ற வேண்டுமோ, அவர்களைத் தேடித் தேடிப் பெண்டிங்கில் போட்டது என் படிவம்.

எனக்குத் தெரியாமல் நடந்ததும் இல்லை. இரண்டு நாள் முன்பு அமுதன் போனில் சொன்னார்.

"அக்கா, பெண்டிங்ல நெறைய பேரு இருக்காங்க. நாப்பத்தேழு குடும்பம். எனக்கு என்னமோ சரியாப் படல."

"ரூல மாத்தினா எல்லாம் கொழம்பிடும் அமுதா. ஆம்பளைங்க வரட்டும், கையெழுத்து வாங்கிக்க," என்றேன்.

என் வாயால் சொன்னது. அப்போது நான் ஹாஜா பாய் கொடுத்தனுப்பிய தே தாரேக் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. சில குடும்பங்கள் பக்கத்து வகுப்பிலிருந்த யாரோ ஒரு கிழவரைக் கூட்டி வந்து, இவர்தான் எங்கள் தலைவர் என்று கையெழுத்துப் போட வைத்துப் பட்டியலில் ஏறிவிட்டன. புத்திசாலிகள், நான் குறை சொல்லவே மாட்டேன். மினா அப்படிச் செய்யவில்லை. பேனா அவள் கையில் இருந்தது, கேட்க ஆளில்லை. ஆனால் ஆறு வருடம் தொழிற்சாலையில் கார்டு தட்டிய பெண். படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று நாம்தான் பழக்கியிருந்தோம். தன் பெயரைத் தானே பெண்டிங்கில் எழுதினாள். பக்கத்தில், புருஷன் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று குறிப்பும் எழுதியிருந்தாள். பெண்டிங் என்றால் அடுத்த பேருந்து என்று நினைத்தாளாம்.

3. ஒரு கையெழுத்து

மினாவின் அழைப்பை வைத்துவிட்டுப் பெண்டிங் தாளைத் திறந்தேன். நாற்பத்தேழு குடும்பம், நூற்று அறுபத்தெட்டு பேர். வயது எழுதும் கட்டத்தில் நாலு, ஏழு, ரெண்டு, அறுபத்தொன்பது, ஆறு மாதம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஏழு பேருந்திலும் சேர்த்து முந்நூற்று எட்டு சீட்டு. தொண்ணூற்றாறு சீட்டு காலி. பிள்ளைகளை மடியில் வைத்தால் அத்தனை பேரும் உள்ளே அடங்கிவிடுவார்கள்.

ஆனால் எங்கள் வேலையில் காலி சீட்டு இருந்தால் மட்டும் ஏற்ற முடியாது. பெயர்ப்பட்டியலை இரண்டு தரப்புக்கும் முந்தின நாளே கொடுத்து கிளியரன்ஸ் வாங்கியிருக்க வேண்டும். சாவடியில் தலையை எண்ணிப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுத்த அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அங்கே போனை எடுத்த மனிதர் நல்லவர். துணைப் பட்டியல் கொடுக்கலாம், உங்கள் அமைப்பின் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், இரண்டு தரப்பும் சரி சொன்னால் ஏற்றலாம், சீக்கிரம் அனுப்புங்கள் என்றார். அதுவரை பேருந்துகளை எடுக்க வேண்டாம் என்று அமுதனிடம் சொன்னேன்.

எங்கள் தலைவர் ஒரு டத்தோ, அரசுப் பட்டம் வாங்கியவர். எல்லாக் கடிதமும் தன் கையெழுத்தில்தான், மையில்தான் போக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சட்டம் போட்டவர். அவசரத்துக்கு எனக்கு அதிகாரம் கொடுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தேன். மூன்றுக்கும் பதில் இல்லை. அன்று காலை அவர் ஸ்கூடாயின் மறுகோடியில் ஒரு மண்டபத்தில் இருந்தார். நிவாரணப் பொருள் ஏற்றிய கண்டெய்னரைக் கொடி அசைத்து அனுப்பும் விழா. கைப்பேசியை அணைத்து வைத்திருந்தார்.

பட்டியலை அச்சடித்துக்கொண்டு கீழே ஓடினேன். ஸ்கூடாய்ச் சாலையில் கார்கள் அசையாமல் நின்றன. கல்லாவில் இருந்த ஹாஜா பாய் என் முகத்தைப் பார்த்தார். கல்லாவைப் பூட்டினார்.

"அக்கா, கார விடுங்க. என் மோட்டார்ல ஏறுங்க."

அறுபது வயதில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, அவருடைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். லோரிகளுக்கு நடுவில் அவர் விட்ட விடுதலில் வழி முழுக்க அருள் நிறைந்த மரியே சொன்னேன். முன்னால் அவர் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டிருந்தார். பதினொன்று ஐம்பதுக்கு மண்டபத்தில் இருந்தோம்.

மேடையில் பேனர் கட்டியிருந்தார்கள். டத்தோவின் படம் கண்டெய்னரைவிடப் பெரிதாக இருந்தது. அந்தக் கண்டெய்னரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், பேக்கிங் லிஸ்ட் போட்டவள் நான். யாரோ கட்டிக் கழித்த பட்டுச் சேலைகள், ஹை ஹீல்ஸ் செருப்பு, தேதி தாண்டிய மெகி நூடுல்ஸ். தண்ணீர் சுத்தம் செய்யும் மாத்திரை கேட்டு நான் எழுதிய கடிதம் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. குண்டுக்குத் தப்பி ஓடிவந்தவளுக்கு ஹை ஹீல்ஸ் செருப்பு அனுப்பினோம்.

மேடையில் ஏறி விஷயத்தைச் சொன்னேன்.

"பிலோமினா, ரெண்டு நிமிஷம் லா. ஸ்பொன்சர் வந்துக்கிட்டு இருக்காரு. படம் எடுத்துட்டு வந்துடறேன்."

"டத்தோ, விண்டோ ஓடிக்கிட்டு இருக்கு. அங்க நூத்தி அறுபத்தெட்டு பேரு நிக்கிறாங்க. பஸ்ஸு காலியா இருக்கு."

"லிஸ்ட் குடுத்தது நீங்கதானே? மொதல்லயே சரியாக் குடுத்திருக்கணும்."

அது உண்மை. அந்த உண்மையைச் சொல்லிவிட்டு அவர் படம் எடுக்கப் போனார். ஸ்பொன்சர் வந்தார், பூமாலை வந்தது, கொடி அசைந்தது, இன்னொரு முறை அசையுங்கள் என்று படம் எடுப்பவர் சொன்னார், இன்னொரு முறை அசைந்தது. முத்திரை அவருடைய காரில் இருந்தது, காரோட்டி சாப்பிடப் போயிருந்தார். நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். மைக் பக்கத்தில் இருந்தது. அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னபோது, அதற்காக மனம் வருந்துகிறாயா என்று சாமியார் கேட்டார். இல்லை ஃபாதர் என்றேன்.

கையெழுத்தும் முத்திரையும் விழுந்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. மண்டப வாசலில் நின்றபடியே படம் எடுத்து அனுப்பினேன்.

4. இரண்டே கால்

ஒன்றரைக்கு ஒரு தரப்பு சரி என்றது. இன்னொரு தரப்பிடமிருந்து சத்தமே இல்லை. மதியம் சாப்பிடப் போயிருக்கிறார்களாம். நடுவில் நின்ற மனிதர் திரும்பத் திரும்பப் போன் அடித்துப் பார்த்தார். நான் ஆபரேஷன் ரூமுக்குத் திரும்பி வரைபடத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். இரண்டே காலுக்குள் பேருந்துகள் நகர்ந்தால்தான் மூன்றுக்குள் பாலம் தாண்ட முடியும்.

இரண்டு பத்துக்கு அமுதன் அழைத்தார்.

"அக்கா, சீட்டு காலியாக் கெடக்கு. இவங்க பஸ்ஸு கதவுகிட்டவே நிக்கிறாங்க. ஏத்திக்கவா?"

முதல் சாவடி சரி சொன்ன தரப்புடையது. இரண்டாவது சாவடி பதில் சொல்லாதவர்களுடையது. போன மாதம் வேறொரு அமைப்பின் கான்வாயில் பட்டியலில் இல்லாத பதினோரு பேர் இருந்தார்கள். அந்த இரண்டாவது சாவடியில் எல்லாப் பேருந்தையும் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முன் இளவயது ஆண்களை இறக்கி வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்கள் எங்கே என்று இன்னும் யாருக்கும் தெரியாது. எங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அந்த வயதுப் பையன்கள் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள்.

அமுதனை லைனில் நிறுத்திவிட்டு டத்தோவைக் கூப்பிட்டேன். இப்போது எடுத்தார். நீங்களே ஒரு முடிவு எடுங்கள், எனக்கு எழுத்தில் எதுவும் அனுப்ப வேண்டாம் என்றார்.

அமுதனிடம் திரும்பினேன். "ஏத்தாத அமுதா. பஸ்ஸ எடு," என்றேன்.

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. அமுதன் எதுவும் பேசுவதற்கு முன் மினாவின் குரல் வந்தது. நான் சொன்ன தமிழ் அவளுக்குப் புரிந்திருக்காது, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது.

"ஓகே, காக்," என்றாள். பிறகு பின்னால் நின்றவர்களிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். கதவிலிருந்து விலகி நிற்கச் சொன்னாள் என்று அமுதன் பிறகு சொன்னார். தொண்ணூற்றாறு காலி சீட்டோடு பேருந்துகள் புறப்பட்டன. இரண்டு ஐம்பத்தைந்துக்குப் பாலம் தாண்டின. மூன்றே காலுக்கு அந்த இன்னொரு தரப்பின் பதில் வந்தது. ஆட்சேபனை இல்லை என்று.

அன்று நான் எடுத்த முடிவு சரிதான் என்று இந்தத் தொழிலில் உள்ள எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். நாளைக்கே அப்படி ஒரு நிலை வந்தாலும் அதையேதான் சொல்வேன். அதற்காக என் ஆத்திரம் தீர்ந்துவிடவில்லை. இரண்டு நாள் முன்னால் நான் ஒரு விதியை மாற்றியிருந்தால் அந்த முடிவுக்கே வேலை இருந்திருக்காது.

5. அறிக்கை

அடுத்த வாரம் கூட்டம். அறிக்கையின் முதல் வரி: பட்டியலில் இருந்த அனைவரும் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டனர். படித்ததும் மேசையைச் சுற்றிக் கை தட்டினார்கள். அந்த வரியில் ஒரு பொய்கூட இல்லை.

நான் அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதியிருந்தேன். நமது பதிவு முறையின் தவறால் நூற்று அறுபத்தெட்டு பேர் விடப்பட்டனர் என்று. அச்சில் அது வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது நெகட்டிவா இருக்கு பிலோமினா. ஸ்பொன்சர் படிப்பாங்க. அவங்க பெண்டிங்தானே, அடுத்த ட்ரிப்ல எடுத்துக்கலாம்," என்றார் டத்தோ.

"பெண்டிங்கா? குண்டு விழுற எடத்துல யாரு டத்தோ பெண்டிங்ல இருக்க முடியும்?"

அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன். அது பெரிய வீரமெல்லாம் இல்லை. என் கையெழுத்து இல்லாமலே அறிக்கை போனது. கீழே ஹாஜா பாய் கடையில் உட்கார்ந்து, ஒரு ஆளுக்கு ஒரு வரி என்று புதுப் படிவம் எழுத ஆரம்பித்தேன். குடும்பத் தலைவர் என்ற கட்டமே அதில் கிடையாது. பெண்டிங் தாளும் கிடையாது. ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை. ஒரு மணி நேரம்.

6. எத்தனை பிள்ளைகள்

அடுத்த விண்டோ கிடைக்கப் பத்தொன்பது நாள் ஆனது. அதற்குள் பள்ளிக்கூடத்துக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, காய்ச்சல் வந்தது. சண்டைக்கு முன்னால் பத்து நிமிடம் நடந்தால் கிளினிக் இருந்த ஊர் அது.

இந்த முறை பதிவில் யாரும் விடுபடவில்லை. பள்ளியில் மிச்சம் இருந்த அத்தனை பேரையும் ஏற்றினோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள முகாமிலிருந்து மினா அழைத்தாள். நல்லபடியாக வந்துவிட்டோம் என்றாள். அமுதன் பஸ்ஸில் பிஸ்கட் கொடுத்தார் என்றாள். அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டாள். முகாமில் வேறொரு அமைப்பு வேறொரு படிவம் கொடுத்திருக்கிறது. அதில் பிள்ளைகள் எத்தனை என்று ஒரு கட்டம். கடைசிப் பிள்ளை, நாலு வயது, போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டது. மூன்று என்று எழுதுவதா, இரண்டா? எது சரி, காக்?

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. படிவங்களைப் பற்றி எனக்குத் தெரியும் என்று என்னைக் கேட்டாள்.

மூன்று என்று எழுது, யார் என்ன சொன்னாலும் மூன்று என்றே எழுது என்றேன். இரண்டு பிள்ளைகளுக்குத்தான் படுக்கப் பாய் வேண்டும், மூன்று வாங்கினால் கடைசியில் வருபவர்களுக்கு இருக்காது என்றாள். இரண்டு என்று எழுதினாள்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்கள், உங்கள் அனுபவத்தில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கிறார்கள். கற்றுக்கொண்டது ஒன்றுதான். யாரையும் பெண்டிங் என்று நிறுத்தி வைத்து ஒரு தாளில் எழுதாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு பெயருக்கும் நேரே நிறுத்தி வைத்தவர் யார் என்று உங்கள் பெயரையும் முழுதாக எழுதுங்கள். அந்த நாற்பத்தேழு வரிகளுக்கும் நேரே பிலோமினா என்று இருந்திருக்க வேண்டும். இல்லாததால்தான் நான் தே தாரேக் குடித்துக்கொண்டே ரூல் பேச முடிந்தது.